ஹேவ் எங்கே, ஹேவ் பீன் எங்கே?

மதுரையில் வேலைக்கான நேர்முகத் தேர்வு நடக்கும் எந்த அறைக்கு வெளியே நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும்: “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம். இன் 2022.” கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும்: “ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.” சொல்பவருக்கு ஆங்கிலம் வராது என்று அர்த்தமில்லை. கூச்சமில்லாமல் பேசுவார், கேட்டதற்கு டக்கென்று பதில் சொல்வார். ஆனால் முதல் வாக்கியத்தில் வேண்டாத ஹேவ் வந்திருக்கிறது. இரண்டாவதில் வரவேண்டிய ஹேவ் வரவில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பங்கு காரணம், காலங்காலமாக நோட்ஸில் எழுதிப்போடும் ஒரு வரிதான்: “ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் சற்று முன் நடந்து முடிந்த செயல்.” மனப்பாடம் செய்ய வசதியான வரி. ஆனால் சரியில்லை. “ஐ ஹேவ் சீன் தி தாஜ் மஹால்” என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கலாம். அதே சமயம், “ஹி லெஃப்ட் டூ மினிட்ஸ் அகோ” என்பது இரண்டே நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது. ஆனால் அதில் ஹேவும் இல்லை, ஹேஸும் இல்லை. ஆக, ‘சற்று முன்’ என்பது இங்கே அளவுகோலே இல்லை. வேறு எதுதான் அளவுகோல் என்று பார்ப்போம்.

பூக்காரம்மா சொல்லும் மூன்று வாக்கியங்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரியாக மல்லிகை வாங்கிவந்து, தெருமுனையில் உட்கார்ந்து கட்டி விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தட்டில் உதிரிப்பூ. மடியில் வாழைநார். கட்டி முடித்த சரம் கூடையில் ஈரத்துணிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. அவர் வாயிலிருந்து மூன்று வாக்கியங்கள் வரலாம்.

“நேத்து பத்து முழம் கட்டினேன்.” அந்தப் பத்து முழமும் நேற்றே விற்றுப்போய்விட்டது. யார் யார் தலையிலோ வாடிக் குப்பைக்கும் போயிருக்கும். இப்போது கூடையில் அது இல்லை. இது வெறும் பழைய செய்தி.

“நாலு முழம் கட்டியிருக்கேன்.” கூடையைத் திறந்து காட்டலாம். எத்தனை மணிக்குக் கட்டினார் என்பது வாங்க வந்தவருக்குத் தேவையில்லை. இப்போது நாலு முழம் கையில் இருக்கிறது என்பதுதான் செய்தி.

“காலையிலிருந்து கட்டிக்கிட்டிருக்கேன்.” இது எத்தனை முழம் என்று சொல்லவில்லை. வேலை எப்போது தொடங்கியது, இப்போதுவரை எப்படி நீண்டுகொண்டே வருகிறது என்று மட்டும் சொல்கிறது. விரல் சிவந்ததற்கான காரணமும் அதிலேயே இருக்கிறது.

இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் வைத்தால்:

“ஐ டைட் டென் முழம்ஸ் யெஸ்டர்டே.”
“ஐ ஹேவ் டைட் ஃபோர் முழம்ஸ்.”
“ஐ ஹேவ் பீன் டையிங் ஃப்ளவர்ஸ் சின்ஸ் மார்னிங்.”

(முழத்துக்கு ஆங்கிலச் சொல் தேடி அலைய வேண்டாம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2013இல். அதை வாங்க வருகிற வெள்ளைக்காரர் முழம் என்று கேட்கப் பழகிக்கொள்ளட்டும்.)

முதலாவது சிம்பிள் பாஸ்ட், அதாவது முடிந்துபோன காலத்தில் வைத்து மூடிவிட்ட செயல். இரண்டாவது ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்: செயல் முன்பு நடந்தது, அதன் பலன் இப்போது இருக்கிறது. மூன்றாவது ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ்: செயல் முன்பு தொடங்கி இப்போதுவரை நீண்டு வந்திருக்கிறது. இரண்டின் பெயரிலும் முதலில் நிற்கும் ‘ப்ரெசன்ட்’டைத்தான் நோட்ஸ் எழுதுபவர்கள் கவனிப்பதில்லை. இரண்டும் நிகழ்காலத்தைப் பற்றிய வாக்கியங்கள்.

வாக்கியத்தின் கட்டுமானம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெர்ஃபெக்ட்டுக்கு, ஹேவ் அல்லது ஹேஸ், அதன்பின் வினையின் மூன்றாவது வடிவம். கோ, வென்ட், கான் என்று பள்ளியில் மூன்று பத்தியாக ஒப்பித்தோமே, அதில் கடைசிப் பத்தி. இலக்கணத்தில் அதற்குப் பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்று பெயர். கன்டினியூயஸுக்கு, ஹேவ் பீன் அல்லது ஹேஸ் பீன், அதன்பின் ‘இங்’ விகுதி சேர்ந்த வினை. ஹி, ஷி, இட் என்ற மூன்றுக்கும், ஒற்றை ஆளையோ ஒற்றைப் பொருளையோ குறிக்கும் பெயர்களுக்கும் ஹேஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஹேவ். அவ்வளவுதான். கட்டுமானத்தில் தடுமாறுபவர்கள் குறைவு. எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல்.

‘எப்போது’ என்று சொல்லிவிட்டால் ஹேவ் வராது

நேற்று, போன வாரம், 2022இல், ஐந்தரை மணிக்கு, சின்ன வயசில் என்று முடிந்துபோன ஒரு காலத்தைக் குறித்துச் சொன்ன உடனேயே செயல் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்போதோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். அங்கே சிம்பிள் பாஸ்ட் மட்டும்தான். பி.காம். வாக்கியத்தை இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். வருஷத்தைச் சொல்ல வேண்டுமென்றால், “ஐ கம்ப்ளீட்டட் பி.காம். இன் 2022.” படித்திருக்கிறேன் என்ற தகுதியை மட்டும் சொல்வதென்றால், “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்.” ‘இன் 2022’ என்பதும் ஹேவும் ஒரே வாக்கியத்தில் சேராது.

நம் ஊர்ச் செய்திகளையே வைத்துப் பாருங்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. “தே லெய்ட் தி ஃபவுண்டேஷன் ஸ்டோன் இன் 2019” என்பதுதான் சரி. அங்கே ஹேவ் சேர்த்தால் தப்பு. காந்தி மேலாடையைக் களைந்து இடுப்பில் ஒற்றைத் துணியோடு வெளியே வந்ததும் மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22. “காந்தி சேஞ்ச்ட் ஹிஸ் ட்ரெஸ் இன் மதுரை இன் 1921.” இதில் தேதி இருப்பதால் சிம்பிள் பாஸ்ட் என்பது தெளிவு. தேதியே இல்லாமல் “காந்தி ஹேஸ் விசிட்டட் மதுரை” என்று சொன்னாலும் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ஒருவருடைய அனுபவமாக ஹேஸ் போட்டுச் சொன்னால், அந்த அனுபவத்தை வைத்திருக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். காந்திக்கு “விசிட்டட்” மட்டும்தான். உயிரோடிருக்கும் ஒரு நடிகருக்கு “ஹேஸ் விசிட்டட்” தாராளமாகச் சொல்லலாம்.

இன்றைக்கு, இந்த வாரம், இந்த வருஷம் போன்றவை கொஞ்சம் வேறு. அவை இன்னும் முடியாத காலங்கள், அதனால் ஹேவ் வரும். காலை பதினோரு மணிக்கு, “ஐ ஹேவ் ஹேட் த்ரீ டீஸ் திஸ் மார்னிங்” என்று சொல்லலாம்; நான்காவதுக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. அதையே ராத்திரி சொன்னால், “ஐ ஹேட் த்ரீ டீஸ் திஸ் மார்னிங்.” காலை போய்விட்டது, கணக்கும் முடிந்துவிட்டது.

‘இப்போதுதான்’ என்ற பொருளில் வரும் ஜஸ்ட், ‘ஏற்கெனவே’ என்ற ஆல்ரெடி, ‘இன்னும்’ என்ற யெட், இந்த மூன்றும் ஹேவோடு நெருங்கிப் பழகுபவை. நோட்ஸ் வரியில் வரும் ‘சற்று முன்’ இந்த ஜஸ்ட்டிலிருந்து கிளம்பி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கே இலக்கணம் எழுதிவிட்டார்கள். அமெரிக்கர்கள் இந்த இடத்திலும் சிம்பிள் பாஸ்ட் போட்டு “டிட் யூ ஈட் ஆல்ரெடி?” என்று கேட்பார்கள். கேட்டால் பயப்பட வேண்டாம்.

இதுவரை பார்த்தது: செயலின் பலனோ அனுபவமோ இப்போது இருந்தால், எப்போது என்று சொல்லாமல் இருந்தால், ஹேவ். முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் சிம்பிள் பாஸ்ட். சமீபமா, பழையதா என்பது கேள்வியே இல்லை.

தமிழ் கைகொடுக்கும் இடமும் காலைவாரும் இடமும்

நல்ல செய்தி என்னவென்றால், பெர்ஃபெக்ட் நமக்குப் புதிதல்ல. ‘பார்த்தேன்’, ‘பார்த்திருக்கிறேன்’ இரண்டும் ஒன்றில்லை என்று எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். “அழகர் ஆற்றில் இறங்குறதைப் பாத்திருக்கியா?” என்று கேட்டால் எந்த வருஷம் என்று கேட்கவில்லை, அந்த அனுபவம் உனக்கு உண்டா என்று கேட்கிறோம். அதுதான் “ஹேவ் யூ எவர் சீன் இட்?” அதாவது, முன்பு நடந்ததை இன்றோடு கட்ட நாம் ‘இரு’ என்ற துணைவினையைப் போடுகிறோம். முதன்மை வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காலத்தையும் சாயலையும் காட்டும் வினைதான் துணைவினை. ஆங்கிலத்தில் அந்த வேலையை ஹேவ் செய்கிறது. ‘இருக்கிறேன்’ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு ஹேவ் போட்டுவிடலாம்.

காலைவாருவது ‘விடு’. “பஸ் போய்விட்டது”, மதுரைப் பேச்சில் “பஸ் போயிருச்சு”. பார்க்க இறந்தகாலம். அதனால் பலரும் “தி பஸ் வென்ட்” என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மூச்சிரைக்க ஓடிவந்தவரிடம் “தேனி பஸ் போயிருச்சு” என்று சொன்னால், அதன் பொருள் ‘இப்போது பஸ் இல்லை’ என்பது. பலன் கண்முன்னால் இருக்கிறது. அதனால் “தி தேனி பஸ் ஹேஸ் லெஃப்ட்.” அதே பஸ்ஸை “அஞ்சரைக்கே போயிருச்சு” என்றால் நேரம் வந்துவிட்டது, “இட் லெஃப்ட் அட் ஃபைவ் தர்ட்டி.” தமிழில் ஒரே ‘போயிருச்சு’, ஆங்கிலத்தில் இரண்டு வடிவம். எதைத் தேர்வது என்று முடிவுசெய்வது அந்த ‘அஞ்சரை’தான்.

இன்னொரு இடமும் உண்டு. “அண்ணன் துபாய் போயிருக்கார்” என்று சொன்னால் இரண்டு பொருள் வரும். இப்போது அங்கேதான் இருக்கிறார், வீட்டில் கிடைக்க மாட்டார் என்பது ஒன்று. முன்பு ஒரு தடவை போய்வந்த அனுபவம் உண்டு, இப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னொன்று. நாம் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இதைச் சொல்லாலேயே பிரித்துவிடுகிறது: போனவர் திரும்பவில்லை என்றால் “ஹி ஹேஸ் கான் டு துபாய்”, போய் வந்தவர் என்றால் “ஹி ஹேஸ் பீன் டு துபாய்.” இதில் மாற்றிச் சொன்னால் கேட்பவர் நிஜமாகவே ஏமாந்துபோவார். “ஐ ஹேவ் கான் டு சென்னை மெனி டைம்ஸ்” என்று தன்னைப் பற்றிச் சொல்வது ரொம்பவும் பரவலான தவறு. நீங்கள் எதிரில் உட்கார்ந்துகொண்டே ‘போயிருக்கிறேன், இன்னும் வரவில்லை’ என்று எப்படிச் சொல்ல முடியும்? அங்கே “ஐ ஹேவ் பீன் டு சென்னை” தான்.

‘எம்புட்டு நேரமா’ என்ற கேள்வி

தமிழர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

“அரை மணி நேரமா நிக்கிறேன்.” நிற்கிறேன் என்பது நமக்கு நிகழ்காலம். “அரை மணி நேரமா நின்னுக்கிட்டிருக்கேன்.” அதுவும் நிகழ்காலம்தான். “ரெண்டு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்.” இதுவும் அப்படியே. எவ்வளவு நேரம் என்று சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தமிழ் வினை மாறுவதில்லை. ‘நின்றுகொண்டிருக்கிறேன்’ என்பது ‘ஐ ஆம் ஸ்டாண்டிங்’ ஆகவும் இருக்கும், ‘ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங்’ ஆகவும் இருக்கும். எனவே நாம் பழக்கத்தில் ‘ஐ ஆம் ஸ்டாண்டிங்’கை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் அரை மணி நேரத்தை ஒட்டிவிடுகிறோம். “ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்” பிறந்தது இப்படித்தான். அது அறியாமை இல்லை, தமிழ் வாக்கியத்தின் நேர் நிழல்.

ஆங்கிலம் இங்கே கறார். இந்த நொடியில் என்ன செய்கிறாய் என்றால் “ஐ ஆம் வெயிட்டிங்.” முன்பு தொடங்கி இந்த நொடிவரை எவ்வளவு நேரம் என்று அளந்துவிட்டால் “ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்.” அளவு வந்தால் ஹேவ் வந்தாக வேண்டும்.

மாற்றிச் சொன்னால் பொருளே திரும்பிவிடும். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் ஒரு வெளிநாட்டுப் பயணியிடம், எத்தனை நாளாக மதுரையில் இருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்து, “ஹௌ லாங் ஆர் யூ இன் மதுரை?” என்று கேட்டால், “டில் ஃப்ரைடே” என்று பதில் வரலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பாராம். நாம் கேட்டது கடந்துவந்த நாட்களை, அவர் புரிந்துகொண்டது மொத்தத் தங்கலை. வந்து எத்தனை நாள் என்று தெரிய வேண்டுமென்றால், “ஹௌ லாங் ஹேவ் யூ பீன் இன் மதுரை?” என்று கேட்க வேண்டும்.

இதைப் பிடிக்கத் தமிழிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. உங்கள் மனதில் ஓடும் தமிழ் வாக்கியத்தில் நேரத்தோடு ‘ஆக’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்: மூணு வருஷமா, ரெண்டு நாளா, அரை மணி நேரமா, ரொம்ப நாளா. அல்லது ‘இலிருந்து’, ‘முதல்’ வந்திருக்கிறதா என்று பாருங்கள்: காலையிலிருந்து, 2019இலிருந்து, திங்கட்கிழமை முதல். இந்த இரண்டில் ஒன்று இருந்து, வினை நிகழ்காலத்தில் இருந்தால், ஆங்கிலத்தில் ஹேவ் கட்டாயம்.

அதே அடையாளம் சின்ஸ், ஃபார் சண்டையையும் தீர்த்துவைக்கும். ‘ஆக’ வந்தால் ஃபார்: “ஃபார் த்ரீ இயர்ஸ்”, “ஃபார் ஹாஃப் அன் அவர்”. ‘இலிருந்து’ வந்தால் சின்ஸ்: “சின்ஸ் மார்னிங்”, “சின்ஸ் 2019”. ஃபார் நீளத்தைச் சொல்கிறது, சின்ஸ் தொடங்கிய புள்ளியைச் சொல்கிறது. ‘இலிருந்து’ என்றதும் கை தானாக ஃப்ரம் என்ற சொல்லுக்குப் போகும். “ஐ ஆம் ஹியர் ஃப்ரம் 2019” என்று வந்துவிடும். இப்போதுவரை நீள்கிற செயலுக்கு ஃப்ரம் வேண்டாம், சின்ஸ் போடுங்கள்.

சின்ஸுக்குப் பின்னால் ஒரு முழு நிகழ்ச்சியையும் வைக்கலாம். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. திறந்த நாளிலிருந்து போய்வருகிறவர் இப்படிச் சொல்லலாம்: “ஐ ஹேவ் பீன் கோயிங் தேர் சின்ஸ் இட் ஓப்பன்ட்.” திறந்தது முடிந்த செயல், அதனால் அந்தப் பாதி சிம்பிள் பாஸ்ட். போவது நீள்கிறது, அதனால் இந்தப் பாதி ஹேவ் பீன்.

சுருக்கமாக: தமிழில் நேரத்தோடு ‘ஆ’ அல்லது ‘இலிருந்து’, வினை நிகழ்காலம், இது இரண்டும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஹேவ். ‘ஆ’ என்றால் ஃபார், ‘இலிருந்து’ என்றால் சின்ஸ்.

எவ்வளவு முடிந்தது, எவ்வளவு நேரம் ஓடியது

சரி, பெர்ஃபெக்ட்டுக்கும் கன்டினியூயஸுக்கும் இடையில் எதை எடுப்பது? பூக்காரம்மாவின் கூடை அதற்குப் பதில் சொல்லிவிட்டது. எத்தனை முழம் என்று எண்ணினால் பெர்ஃபெக்ட். எவ்வளவு நேரமாகக் கட்டுகிறார் என்றால் கன்டினியூயஸ்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில், 2015இல் அகழாய்வு தொடங்கியது. அதன்பின் பல கட்டங்களாக நடந்துவருகிறது. “ஆர்க்கியாலஜிஸ்ட்ஸ் ஹேவ் பீன் டிக்கிங் அட் கீழடி சின்ஸ் 2015.” தோண்டும் வேலையின் நீளம் இது. “தே ஹேவ் ஃபவுண்ட் ரிங் வெல்ஸ் அண்ட் இன்ஸ்க்ரைப்ட் பாட்ஷெர்ட்ஸ்.” இது கைக்குக் கிடைத்தவை: உறைகிணறுகள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். “தி மியூசியம் ஓப்பன்ட் இன் மார்ச் 2023.” அருங்காட்சியகம் திறந்த மாதத்தைச் சொல்லிவிட்டதால் சிம்பிள் பாஸ்ட். ஒரே இடம், மூன்று வடிவம், மூன்றுக்கும் காரணம் வேறு.

கன்டினியூயஸ் என்ற பெயரைப் பார்த்து, மூச்சுவிடாமல் நடக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழடியில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. நூலகத்துக்குப் போகிறவரும் ராத்திரி வீட்டுக்குத்தான் வருகிறார். விட்டுவிட்டு நடந்தாலும் ‘நடந்துகொண்டு வருகிறது’ என்று நாம் சொல்கிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

செயல் சற்றுமுன் நின்றுபோயிருந்தாலும் கன்டினியூயஸ் வரலாம், தடயம் மட்டும் மிச்சமிருந்தால் போதும். வாசலில் நிற்கும் பிள்ளையின் கண் சிவந்திருக்கிறது; இப்போது அழவில்லை. “ஹேவ் யூ பீன் க்ரையிங்?” தமிழில் இதை “அழுதுக்கிட்டிருந்தியா?” என்போம். ரோடெல்லாம் ஈரம், மழை விட்டுவிட்டது: “இட் ஹேஸ் பீன் ரெய்னிங்.” பையன் முழங்காலெல்லாம் தமுக்கம் மைதானத்து மண்: “ஹி ஹேஸ் பீன் ப்ளேயிங்.” விட்டுப்போன தடயத்தைப் பார்த்து முந்தைய செயலைப் படிக்கிற இந்தப் பயன்பாட்டைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். பேச்சில் ரொம்பவே வரும்.

வாழ்வது, வேலை பார்ப்பது, படிப்பிப்பது போன்ற சில வினைகளில் நீளத்தைச் சொல்லும்போது எதைப் போட்டாலும் சரி. “ஐ ஹேவ் லிவ்ட் இன் திருப்பரங்குன்றம் ஃபார் டென் இயர்ஸ்”, “ஐ ஹேவ் பீன் லிவிங்...” இரண்டும் நடக்கும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

‘எனக்கு’ என்று தொடங்கினால் கவனம்

சில வினைகள் கன்டினியூயஸுக்கு ஒத்துவராது. செய்கிற வேலையாக இல்லாமல், இருக்கிற நிலையாக இருப்பவை அவை. ஸ்டேட்டிவ் வெர்ப் என்று பெயர், நிலைவினை என்று வைத்துக்கொள்ளலாம். நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், உடைமையைக் குறிக்கும் ஹேவ் என்று ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்.

பட்டியல் எதற்கு? தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு இருக்கிறது. எல்லாம் ‘எனக்கு’. ‘நான்’ என்று தொடங்கவே முடியாது, ஏனென்றால் நான் அங்கே எதையும் செய்யவில்லை. தமிழில் ‘எனக்கு’ எடுக்கும் வினைக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘இங்’ சேர்க்காதீர்கள். அவரை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும்: “ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் சைல்ட்ஹுட்.” “ஹேவ் பீன் நோயிங்” கிடையாது. தலைவலி மாதிரி சில விலக்குகள் உண்டு. “மை ஹெட் ஹேஸ் பீன் ஏக்கிங்” சரிதான்.

டாக்டரிடம் இது கட்டாயம் தேவைப்படும். எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல் இருக்கு: “ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்.” ஹேவும் ஹேட்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவது ‘இருக்கு’. “ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்” என்று சொன்னாலும் மதுரை டாக்டருக்குப் புரியும். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் வராது.

காதில் விழாத ஹேவ்

“ஐ ஹேவ்” என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. “ஐவ்” என்பார்கள், “தேவ்” என்பார்கள். “ஹி ஹேஸ்” சுருங்கி “ஹீஸ்” ஆகும். “ஹி இஸ்” சுருங்கினாலும் அதே “ஹீஸ்”தான். “ஹீஸ் வெயிட்டிங்” என்றால் இஸ், “ஹீஸ் பீன் வெயிட்டிங்” என்றால் ஹேஸ். நடுவில் ‘பீன்’ வருகிறதா என்று மட்டும் காது கொடுத்தால் போதும். ஆங்கிலப் படம் பார்த்தும் ஹேவ் காதில் படியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், படத்தில் ஹேவைத் தேடாமல் அந்த ஒற்றை ‘வ்’வைத் தேடிப் பார்க்கலாம்.

பழகுவதற்கு

வாக்கியம் வாக்கியமாக நிரப்பும் பயிற்சிப் புத்தகங்களைவிட, ஆங்கில நாளிதழ் நல்ல பயிற்சி. செய்தியின் முதல் வாக்கியத்தில் அடிக்கடி பெர்ஃபெக்ட் வரும்: இன்னார் அறிவித்திருக்கிறார், அரசு உத்தரவிட்டிருக்கிறது. எப்போது, எங்கே, யாரிடம் என்ற விவரத்துக்குள் இறங்கியதும் சிம்பிள் பாஸ்ட்டுக்கு மாறிவிடும். அந்த மாற்றம் எந்தச் சொல்லில் நடக்கிறது என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தேதியோ கிழமையோ அங்கே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

“அழகர் ஆத்துல எறங்கிட்டாரா?” டி.வி. முன்னால் உட்கார்ந்து கேட்கும் கேள்வி.
“அப்பா கொடைக்கானல் போயிருக்கார், ராத்திரிதான் வருவார்.”
“காலையிலிருந்து மூணு தடவை கரன்ட் போயிருச்சு.”
“காலையிலிருந்து கரன்ட் இல்லை.”
“அந்த மில்லுல ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன்.”

முதலாவது, “ஹேஸ் அழகர் என்டர்ட் தி ரிவர் யெட்?” ‘எறங்கிட்டாரா’ இறந்தகாலம் மாதிரி இருந்தாலும் நேரம் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவதில் அப்பா இன்னும் திரும்பவில்லை, அதனால் “ஹேஸ் கான்.” மூன்றாவதில் தடவையை எண்ணுகிறோம்: “தி பவர் ஹேஸ் கான் ஆஃப் த்ரீ டைம்ஸ் சின்ஸ் மார்னிங்.” நான்காவதில் எண்ணிக்கை இல்லை, நிலைதான் நீள்கிறது: “தேர் ஹேஸ் பீன் நோ பவர் சின்ஸ் மார்னிங்.” இங்கே ‘பீன்’னுக்குப் பின்னால் ‘இங்’ வினை இல்லையே என்று கேட்கலாம். இந்த ‘பீன்’, இருப்பதைக் குறிக்கும் ‘பி’ வினையின் மூன்றாவது வடிவம். “ஐ ஹேவ் பீன் இன் மதுரை” என்பதிலும் அதுவேதான்.

ஐந்தாவதில் பலர் சறுக்குவார்கள். ரெண்டு வருஷம் என்றதும் ஃபார் நினைவுக்கு வரும், ஃபார் வந்ததும் ஹேவும் கூடவே வந்துவிடும். ஆனால் அது ‘வருஷமா’ இல்லை, ‘வருஷம்’. வினையும் ‘பார்க்கிறேன்’ இல்லை, ‘பார்த்தேன்’. மில்லை விட்டு வந்தாயிற்று. “ஐ வொர்க்ட் இன் தட் மில் ஃபார் டூ இயர்ஸ்.” ஃபார் இரண்டு பக்கமும் போய்வரும். இதையே “ஐ ஹேவ் வொர்க்ட்” என்று சொன்னால், கேட்பவர் உங்களை இன்னும் அந்த மில்லிலேயே வேலை பார்ப்பவராக எடுத்துக்கொள்வார். நேர்முகத் தேர்வு என்றால் அடுத்த கேள்வி, அங்கிருந்து எப்போது விலகுவீர்கள் என்பதாக இருக்கும்.